பூச்சியத்தைக் காத்து நிற்பவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மலேரியா தடை இயக்கத்தின் அண்ணாமார், அக்காமார், தம்பிமார், தங்கைமார் அனைவருக்கும்,



முதுகில் மருந்துத் தாங்கியைச் சுமந்துகொண்டு எங்கள் மண்வீடுகளுக்கு வந்தவர்கள், விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுத்தவர்கள், அந்த இரத்தத்தை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துக் கண் நோக நோகப் பார்த்தவர்கள், இரவிரவாக விழித்திருந்து நுளம்பு பிடித்தவர்கள், இவர்களையெல்லாம் குண்டும் குழியுமான தெருக்களில் ஏற்றி இறக்கிய சாரதிமார் என்று உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

2016 செப்டெம்பர் 5ஆம் திகதி, இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் கொழும்பில் வைத்து அறிவித்தது. தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்தில் மாலைதீவுக்கு அடுத்ததாக இந்தச் சான்றிதழைப் பெற்றது எங்கள் நாடு. அந்தச் செய்தியைப் படித்தபோது எத்தனையோ முகங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. பெயர் தெரிந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். ஒருவரைச் சொன்னால் பத்துப் பேர் விடுபட்டுப் போவார்கள் என்பதால் எவருடைய பெயரையும் இங்கே எழுதவில்லை. நன்றியை மட்டும் எல்லோரும் பார்க்கும்படியாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

நான் வைத்தியத்துறையைச் சேர்ந்தவள் அல்ல. வன்னியில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள். தொண்ணூறுகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் படிப்பித்த எந்த ஆசிரியரைக் கேட்டாலும் மலேரியாவைப் பற்றிச் சொல்வார். வரவு இடாப்பிலேயே அது தெரியும். திங்கள் வரவில்லை, செவ்வாய் வந்தான், புதன் வரவில்லை, வியாழன் வந்தான். மாரி மழை ஓய்ந்து, மார்கழி, தை என்று போகும்போது அந்த இடாப்பின் பக்கங்களில் சிவப்பு மை கூடிக்கொண்டே போகும்.

வகுப்பிலேயே காய்ச்சல் தொடங்குவதும் உண்டு. காலையில் நல்லாக வந்து இருந்த பிள்ளை பத்து மணியளவில் மேசையில் தலையைச் சாய்க்கும். கையில் மயிர் குத்திட்டு நிற்கும். வெயில் எரிக்கிற நேரத்தில் குளிருது ரீச்சர் என்று சொல்லும். பிறகு பல்லோடு பல் அடிபடுகிற நடுக்கம். வாங்கில் படுக்க வைத்து, சாக்கு, சேலை என்று கிடைத்ததையெல்லாம் போர்த்தாலும் வாங்கே சேர்ந்து ஆடும். ஒரு மணித்தியாலம் போனதும் போர்த்ததையெல்லாம் உதறி எறிகிற மாதிரி உடம்பு கொதிக்கும். தலையிடி, சத்தி, சில பிள்ளைகளுக்குப் பிதற்றல். கடைசியில் உடுப்பு நனைய வியர்த்து, பிள்ளை அடித்துப் போட்டது போலத் தூங்கிவிடும். பின்னேரம் எழும்பி வீட்டுக்கு நடந்தே போகும். அடுத்த நாள் பார்த்தால் ஒரு வருத்தமும் இல்லாத பிள்ளை. அதற்கடுத்த நாள் அதே பத்து மணிக்கு அதே நடுக்கம்.

ஏன் இப்படி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது என்று எங்களுக்கு விளங்கப்படுத்தியதும் நீங்கள்தான். பாடசாலைக்கு இரத்தம் எடுக்க வந்த ஒருவர், வேலை முடிந்ததும் கரும்பலகையில் சோக்கால் வட்டம் வட்டமாகக் கீறிக் காட்டினார். அனோபிலிஸ் இனத்துப் பெண் நுளம்பு கடிக்கும்போது அதன் உமிழ்நீரோடு ஒட்டுண்ணி உள்ளே போகிறது. நேரே ஈரலுக்குப் போய் ஒரு கிழமைக்கு மேல் சத்தமில்லாமல் பெருகுகிறது. பிறகு இரத்தத்துக்கு வந்து செங்குருதிக் கலங்களுக்குள் புகுந்து, அவற்றைத் தின்று பெருகி, 48 மணித்தியாலத்துக்கு ஒருமுறை கலங்களை உடைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் வெளியே வருகிறது. கலங்கள் உடைகிற அந்த நேரம்தான் பிள்ளை நடுங்குகிற நேரம். உடைகிற ஒவ்வொரு கலமும் பிள்ளையின் இரத்தத்தில் இருந்து போகிற ஒன்று என்று அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. கண் மடலை இழுத்துப் பார்த்தால் வெளிறிப் போயிருக்கும் பிள்ளைகளுக்குக் காரணம் சோறு குறைந்தது மட்டும் இல்லை என்று அன்றைக்கு எங்கள் பெற்றோருக்கும் விளங்கியது. பல தடவை காய்ச்சல் கண்ட பிள்ளைகளின் இடது விலாவுக்குக் கீழே கை வைத்தால் மண்ணீரல் வீங்கித் தட்டுப்படும். அதைக் கண்டு ஏதோ வயிற்றுக்குள் கட்டி என்று பயந்து போன தாய்மார் பலர்.

எங்கள் நாட்டில் கூடுதலாக இருந்தது வைவக்ஸ் வகை. அதன் பொல்லாத்தனம் வேறு மாதிரி. இரத்தத்தில் இருக்கிற ஒட்டுண்ணியைக் குளோரோகுயின் கொன்றாலும், ஈரலுக்குள் சில ஒட்டுண்ணிகள் உறங்கிக் கிடக்கும். கிழமைகள், மாதங்கள் கழித்து அவை விழித்தெழுந்து, புதிதாக ஒரு நுளம்பும் கடிக்காமலே காய்ச்சலைக் கொண்டுவரும். மருந்து குடுத்தும் திரும்ப வந்திட்டுது என்று அம்மாமார் அலுத்துக்கொண்டது இதனால்தான். உறங்குகிற அந்த ஒட்டுண்ணிக்குப் பிறிமாகுயின் என்று வேறு குளிசை வேண்டும். இப்போது அதை 14 நாள் தொடர்ந்து குடிக்கச் சொல்கிறார்கள். காய்ச்சல் விட்ட பிறகு குளிசையை யார் குடிப்பார்கள்? நீங்கள் வீடு தேடி வந்து, குளிசை அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்து, மிச்சத்தையும் குடிக்க வைத்துவிட்டுப் போனீர்கள். பல்சிபாரம் வகை குறைவுதான். ஆனால் அது மூளைக்கு ஏறினால் ஆளைக் கொன்றுவிடும். கர்ப்பிணித் தாய்மாருக்கு வந்தால் வயிற்றுப் பிள்ளையும் நிறை குறைந்து பிறக்கும்.

வன்னியில் இந்தக் காய்ச்சல் உச்சத்துக்கு வருகிற மாதங்களும் பெரும்போக வயலில் வேலை நெருக்குகிற மாதங்களும் ஒன்று. களை பிடுங்க, பசளை போட, காவல் இருக்க ஆள் தேவைப்படுகிற நேரத்தில் வீட்டுக்காரர் பாயில் கிடப்பார். அவர் எழும்ப மனைவி விழுவா, பிறகு பிள்ளைகள். ஒரு போகம் கைவிட்டுப் போனால் அடுத்த போகத்துக்கு விதைநெல்லும் கடன்தான். மலேரியாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் மரணத்தை எண்ணுவார்கள். மரணம் வராத வீடுகளிலும் அது எடுத்துக்கொண்டு போனவற்றுக்குக் கணக்கே இல்லை. படிப்பும் அதில் ஒன்று. மொனறாகலைப் பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகளைப் பேராசிரியர் கமினி மென்டிஸ், தீபிகா பெர்னாண்டோ முதலியோர் ஆராய்ந்தபோது, அடிக்கடி மலேரியா வந்த பிள்ளைகள் மொழியிலும் கணிதத்திலும் குறைவான புள்ளிகள் எடுத்திருந்தார்கள். எங்கள் வகுப்பறைகளில் நாங்கள் கண்ணால் கண்டது அங்கே எண்ணாக இருந்தது. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று நாலாம் வகுப்பில் வாய்ப்பாட்டை மறந்து நிற்பதைப் பார்த்த ஆசிரியருக்கு அந்த எண்ணின் பாரம் தெரியும்.

இனி, நீங்கள் செய்ததைப் பற்றி.

மருந்தடிக்கிற நாள் ஊருக்கே ஒரு பெரும்பாடு. முதல்நாள் வந்து சொல்லிவிட்டுப் போவீர்கள். விடிய எழும்பி நெல்மூட்டை, சட்டிபானை, பாய் தலையணை, சாமிப்படம், தொட்டில் எல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். காக்கி உடுப்பும் தொப்பியும், மூக்கைக் கட்டிய துணியுமாக நீங்கள் உள்ளே போய், மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாக, ஒரு இடமும் விடுபடாமல் சுவருக்கு அடிப்பீர்கள். கிடுகுக் கூரையின் உட்பக்கம், கதவின் பின்பக்கம், அடுப்படி, கோழிக்கூட்டுப் பக்கம் எதையும் விடமாட்டீர்கள். மலத்தியன் காலத்தில் அந்த மணம் நாட்கணக்கில் போகாது. சோற்றில் மணக்குது என்று ஆச்சிமார் ஏசுவார்கள். மருந்தின் வெள்ளைப் பூச்சு அசிங்கமாக இருக்கிறது என்று அடுத்த கிழமையே சுவரை மெழுகிவிடுகிற வீடுகளும் இருந்தன. நீங்கள் கோபப்படவில்லை. திண்ணையில் இருந்து தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே சொன்னீர்கள்: இரத்தம் குடித்த நுளம்பு பாரம் தாங்காமல் பக்கத்துச் சுவரில்தான் போய் இருக்கும், அம்மா. அது குடித்த கிருமி அதன் உடம்பில் முற்றி அடுத்த ஆளுக்குப் போகப் பத்துப் பன்னிரண்டு நாள் செல்லும். அதற்குள் அது சுவரில் இருந்து சாக வேண்டும். சுவரை மெழுகினால் அது தப்பிவிடும்.

இவ்வளவு எளிமையாக ஒரு விஞ்ஞானத்தைச் சொல்லிக்கொடுக்க நான் பயிற்சிக் கலாசாலையிலும் கற்றதில்லை. மெழுகுகிற கைகள் மெல்ல மெல்ல நின்றன.

இரத்தப் பூச்சுப் பார்த்தவர்களை ஊர் அதிகம் கண்டதில்லை. நான் கண்டிருக்கிறேன். வன்னிக்கு மின்சாரம் இல்லாத காலம். யன்னலோரம் மேசையைப் போட்டு, நுணுக்குக்காட்டியின் அடியில் இருக்கிற சின்னக் கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பி ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு கண்ணாடித் தகட்டில் ஒரு துளி இரத்தம் தடிப்பாகவும் இன்னொரு துளி மெல்லிசாகவும் பூசப்பட்டு, கீம்சா சாயத்தில் ஊதா நிறமாகி இருக்கும். தடிப்பான பூச்சில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது, மெல்லிய பூச்சில் அது எந்த வகை என்று பார்ப்பது. ஒரு துளி எண்ணெய் விட்டு, ஆயிரம் மடங்கு பெருப்பித்து, நூறு புலங்களுக்குக் குறையாமல் பார்த்த பிறகுதான் இல்லை என்று எழுதலாம். முகில் வந்து வெளிச்சம் மங்கினால் தலையை நிமிர்த்திக் காத்திருக்க வேண்டும். ஒரு தகட்டை அரைகுறையாகப் பார்த்து இல்லை என்று எழுதிவிட்டால் அந்தப் பிள்ளை மருந்தில்லாமல் வீட்டுக்குப் போகும். அந்த வீட்டிலிருந்து ஊருக்குப் பரவும். இப்படி வருடத்துக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் இரத்தப் பூச்சுகளை நாடு முழுவதும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நோய் குறைந்து குறைந்து வந்த காலத்திலும் அந்த எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. ஆயிரக்கணக்கில் பார்த்தும் ஒன்றும் காணாத பிறகும் அடுத்த தகட்டை அதே கவனத்தோடு பார்ப்பது எவ்வளவு கடினம் என்று விடைத்தாள் திருத்திய எனக்குக் கொஞ்சம் தெரியும்.

நுளம்பு ஆய்வுக்கு வந்தவர்களை ஊர்ப்பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். பொழுது பட ஒரு நாம்பனை வலைக்கூடாரத்துக்குள் கட்டிவிட்டு, விடியப் போய், வாயால் உறிஞ்சுகிற கண்ணாடிக் குழாயால் வலையில் இருக்கிற நுளம்புகளை ஒவ்வொன்றாகப் பிடிப்பார்கள். சில இரவுகளில் தங்கள் கால்களையே முழங்கால் வரை திறந்து வைத்துக்கொண்டு இருட்டில் இருந்து, வந்து இருக்கிற நுளம்பை ரோச் வெளிச்சத்தில் கண்டு, கடிக்க முதல் பிடிக்க வேண்டும். மணிக்கொரு கடதாசிக் கோப்பை. எந்த மணிக்குக் கூட வருகிறது, வீட்டுக்குள்ளா வெளியிலா என்று எழுதுவார்கள். பகலில் நீண்ட பிடி போட்ட அகப்பையோடு கனகராயன் ஆற்று மணலில் தேங்கிய குழிகளையும், வாய்க்கால் ஓரங்களையும், மாட்டுக் குளம்படித் தண்ணீரையும் அள்ளி அள்ளிக் குடம்பி தேடுவார்கள். மற்ற நுளம்புகளின் குடம்பி தலைகீழாகத் தொங்கும். அனோபிலிஸ் குடம்பி தண்ணீரின் மேல்மட்டத்தோடு படுத்துக் கிடக்கும். இதை எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அகப்பையிலேயே காட்டித் தந்தார்கள். எந்தப் பாடப்புத்தகத்துப் படமும் அதற்கு ஈடில்லை.

இவையெல்லாம் யுத்தத்துக்கு நடுவே நடந்தன என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து இலட்சக்கணக்கான சனம் இடம்பெயர்ந்தது. அவர்களில் பெருந்தொகையினர் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தார்கள். மலேரியா அதிகம் கண்டிராத உடம்புகள். மரத்தடியிலும் பாடசாலைக் கட்டடங்களிலும் தறப்பாளுக்குக் கீழும் படுத்தவர்கள். சுவர் இருந்தால்தானே மருந்தடிக்க! காய்ச்சல் காட்டுத்தீயாகப் பரவியது. மருந்து, எரிபொருள், பற்றறி எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளில் புகை கக்கக் கக்க நீங்கள் ஊர் ஊராக வந்தீர்கள். முகாமுக்கு முகாம் நடமாடும் சிகிச்சை நிலையம் போட்டீர்கள். தெளிக்கிற மருந்து நேரத்துக்கு வந்து சேராத காலங்களும் இருந்தன. வந்தபோது ஷெல்லடியையும் பார்க்காமல் வேலைக்கு இறங்கினீர்கள். உங்கள் குடும்பங்களும் எங்களைப் போலவே இடம்பெயர்ந்து கொண்டிருந்தன. தங்கள் வீட்டுக்குக் கூரை போட முதல் அடுத்தவர் வீட்டுக்கு மருந்தடித்தவர்கள் நீங்கள். மலேரியா வேலைக்குப் போரிட்ட இரு தரப்பும் வழிவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். துவக்கு வைத்திருந்த எவரையும் அந்தக் காய்ச்சல் விட்டுவைக்கவில்லை.

1999இல் நாடு முழுவதும் 264,549 பேருக்கு மலேரியா. வடக்கும் கிழக்கும்தான் அதில் கூடுதலாகச் சுமந்தன. 2002 போர்நிறுத்தத்தோடு பாதைகள் திறந்தன. அதற்குப் பிறகு எயிட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிரான உலக நிதியத்தின் உதவியும் வந்தது. நீண்டகாலம் மருந்து நிலைத்து நிற்கும் நுளம்பு வலைகளை வீடு வீடாகக் கொடுத்தீர்கள். கொடுத்ததோடு நில்லாமல் கட்டியும் காட்டினீர்கள். 2008இல் ஆயிரத்துக்கும் கீழ். அதே காலத்தில்தான் யுத்தம் மீண்டும் மூண்டு உக்கிரமடைந்திருந்தது. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் யுத்தத்தால் இடம்பெயர்ந்த சனம் நெருங்கிக் கிடந்தபோது, அடுத்தது மலேரியாதான் என்று எல்லோரும் பயந்தார்கள். அங்கே பெரிய மலேரியாப் பரவல் ஒன்றும் ஏற்படவில்லை. அந்த நாட்களில் எங்களுக்கு நடந்த நல்லவை மிகச் சில. அவற்றில் இது ஒன்று, இதைச் செய்தவர்கள் நீங்கள். 2011இல் உள்நாட்டில் தொற்றியவர்கள் 124 பேர் மட்டும். 2012 ஒக்டோபரில் கடைசி உள்நாட்டு நோயாளி. அதன் பிறகு மூன்று வருடம் ஒன்றுகூட இல்லை என்று நிரூபித்த பிறகே சான்றிதழ் வந்தது.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் நன்றி பாதிதான்.

நாட்டின் முதலாவது மலேரியாக் கட்டுப்பாட்டு முயற்சி 1911இல் குருநாகலில் தொடங்கியது. 1934இல் மழை பொய்த்தது. வழக்கமாகப் பெருக்கெடுத்து ஓடுகிற தென்மேற்கு ஆறுகள் வற்றிக் குழி குழியாகத் தேங்கின. எங்கள் நாட்டில் மலேரியாவைக் காவுகிற அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் நுளம்புக்கு அப்படிப்பட்ட தெளிந்த தேங்குநீர்தான் வேண்டும். கேகாலை, குருநாகல் பக்கத்தில் காய்ச்சல் வெடித்தது, 1935இலும் தொடர்ந்தது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். ஊருக்கு ஊர் சவம் எடுக்க ஆளில்லாத காலம் அது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து டி.டி.ரி. வந்தது, வீடுகளுக்கு அடித்தார்கள், நோய் சரிந்தது. 1963இல் நாடு முழுவதும் கண்ட மலேரியா நோயாளிகள் 17 பேர். பதினேழு! இனி என்ன என்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். பழகிய ஆட்கள் வேறு வேலைகளுக்குப் போனார்கள், கண்காணிப்புத் தளர்ந்தது. இரத்தினக்கல் தோண்டுகிற குழிகளும் புதிதாக வெட்டிய சேனைகளும் நுளம்புக்கு இடம் கொடுத்தன. ஆறு வருடத்துக்குள், 1969இல், ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் காய்ச்சலில் கிடந்தார்கள்.

பதினேழில் இருந்து ஐந்து இலட்சம். இதை எங்கள் பாடசாலைகளில் வரலாற்றுப் பாடமாகவே படிப்பிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். அரசர்கள் பெயரை மனப்பாடம் செய்கிற பிள்ளைகளுக்கு இந்த இரண்டு எண்களும் தெரிந்திருப்பது நாட்டுக்கு நல்லது.

இன்றைக்கு உங்கள் வேலை அன்றையதைவிடக் கடினம் என்றே நான் நினைக்கிறேன். அன்று நோய் இருந்தது. சனம் உங்களைத் தேடியது. இன்று நோய் இல்லை. நீங்கள் கதவைத் தட்டினால் ஏன் வந்தீர்கள் என்று கேட்கிறார்கள். வருடந்தோறும் வெளிநாடுகளிலிருந்து சிலர் இந்தக் காய்ச்சலை உடம்பில் ஏந்திக்கொண்டு வருகிறார்கள். ஆபிரிக்காவுக்கு இரத்தினக்கல் வியாபாரத்துக்குப் போனவர்கள், ஐ.நா. அமைதிப்படையில் இருந்து திரும்புகிறவர்கள், இந்தியாவுக்கு யாத்திரை போனவர்கள், அங்கிருந்து தாயகம் திரும்புகிற எங்கள் அகதிகள், இங்கே வேலைக்கு வருகிற வெளிநாட்டவர்கள். ஒருவருக்கு உறுதியானதும் அவர் வீட்டைச் சுற்றி உள்ளவர்களின் இரத்தத்தைப் பார்த்து, நுளம்பைத் தேடி, தேவைப்பட்டால் மருந்தடித்து அந்த ஒன்றை ஒன்றோடே நிறுத்திவிடுகிறீர்கள். 2018 கடைசியில் மொனறாகலையில் வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரிடமிருந்து இங்குள்ள ஒருவருக்குத் தொற்றியது. அதையும் அந்த இடத்தோடே அணைத்துவிட்டீர்கள்.

மன்னாரில் இன்னொரு முனை. 2016 கடைசியில் அங்கே அனோபிலிஸ் ஸ்டீபென்சி நுளம்பைக் கண்டுபிடித்தீர்கள். இந்தியப் பட்டணங்களில் மலேரியாவைப் பரப்புகிற நுளம்பு அது. ஆற்றுக் குழியைத் தேடிப் போகாது. வீட்டுக் கிணறும் சீமெந்துத் தொட்டியும் அதற்குப் போதும். கிணறு கிணறாக இறங்கிப் பார்த்து, குடம்பி தின்னும் மீன் விட்டு, மருந்து போட்டு, அதன் பின்னாலேயே அலைகிறீர்கள். குடிக்கிற கிணற்றுக்குள் மீன் விடுவதற்கு வீட்டுக்காரரை இணங்க வைப்பது எவ்வளவு பெரிய பொறுமை என்று எனக்குத் தெரியும். நோயாளி ஒருவரும் இல்லாத ஊரில், வரக்கூடிய நோயை நினைத்து ஒருவர் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால், அவர் அந்த ஊரின் காவலாளி. சம்பளப் பட்டியலில் அவருக்கு என்ன பதவிப் பெயர் இருந்தாலும் சரி.

2023இல் உலகத்தில் 26 கோடி 30 இலட்சம் பேருக்கு மலேரியா வந்தது. 597,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஆபிரிக்காவில் ஐந்து வயதும் ஆகாத பிள்ளைகள். இந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் என் வகுப்பில் வாங்கோடு சேர்ந்து ஆடிய பிள்ளைகளின் முகம் வந்து நிற்கிறது. எங்கள் நாட்டுப் பிள்ளைகள் அந்த எண்ணில் இல்லை. இன்றைக்கு வன்னியில் முதலாம் வகுப்புக்கு வருகிற பிள்ளைக்கு அந்த நடுக்கம் என்னவென்றே தெரியாது. அதன் இளம் ஆசிரியைக்கும் தெரியாது. பத்து வருடத்தில் எத்தனை பிள்ளைகள் எத்தனை நாள் கூடுதலாகப் பள்ளிக்கூடம் வந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வரவுக்கு நாங்கள் உங்களுக்குத்தான் கடமைப்பட்டிருக்கிறோம்.

அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நோயாளி இல்லை என்பதைக் காரணம் காட்டி இவர்களுடைய வெற்றிடங்களை நிரப்பாமல் விடாதீர்கள். இவர்கள் வாகனத்துக்கு எரிபொருளையும், ஆய்வுகூடத்துக்குச் சாயத்தையும் குறைக்காதீர்கள். 1963க்குப் பிறகு நடந்தது உங்கள் கோப்புகளிலேயே இருக்கிறது. இளம் வைத்தியர்களுக்கும் ஒரு சொல். காய்ச்சல் என்றவுடன் டெங்கு என்று நினைப்பது இயல்புதான். நீங்கள் படித்த காலத்தில் மலேரியா நோயாளியை வார்ட்டில் கண்டிருக்க மாட்டீர்கள். அண்மையில் வெளிநாடு போய் வந்தீர்களா என்ற ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேளுங்கள்.

இதைப் படிக்கிற மற்ற எல்லோருக்கும்: ஆபிரிக்காவுக்கோ, இந்தியாவுக்கோ, மலேரியா உள்ள வேறு நாட்டுக்கோ போகிறவர்கள் புறப்பட முதல் மலேரியா தடை இயக்கத்தின் அலுவலகத்துக்குப் போய்த் தடுப்புக் குளிசையைப் பற்றிக் கேளுங்கள். போய் வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், பனடோல் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்காமல், வைத்தியரிடம் பயணத்தைச் சொல்லி மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இயக்கத்தவர்கள் வீட்டுக்கு வந்தால் கிணற்றையும் தொட்டியையும் பார்க்க விடுங்கள். விரலை நீட்டுங்கள். குளிசையும் இலவசம், இரத்தப் பரிசோதனையும் இலவசம்.


ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கிளிநொச்சி